படத்துக்குக் கீழே ஒட்ட நீ கேட்ட இரண்டு வரி

அன்பு மகள் பவானிக்கு,

இங்கே பசுந்தாங்கில் நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, நன்றாகவே இருக்கிறோம். பர்மா மழை இன்னும் விட்டபாடில்லை. சியாங் மாயில் நீ வைக்கப்போகும் கண்காட்சியில் என் படத்தை மாட்டலாமா என்று போனில் கேட்டாய். தாராளமாக மாட்டிக்கொள் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்து நீ கேட்டதுதான் எனக்குப் பெரிய பாடாகப் போய்விட்டது. "படத்துக்குக் கீழ ஒட்ட ரெண்டு வரி எழுதி அனுப்புங்கப்பா. பாக்க வர்றவங்களுக்கு நீங்க யாருன்னு தெரியணும்" என்றாய். நான் யார் என்பது இரண்டு வரியில் அடங்கிவிடும். போட்டாதாங் படகுத்துறைக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், பவானிக்கு அப்பா. அவ்வளவுதான். ஆனால் அந்தப் படம் அப்படி அடங்க மறுக்கிறது. ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன். வேண்டியதை நீயே கிள்ளி எடுத்துக்கொள். யார் கேட்டாலும் இதைப் படித்துக் காட்டலாம், எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். செல்வத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். மாப்பிள்ளை தடங்கலில்லாமல் வாசிப்பார்.

நீ வரைய ஆரம்பித்ததே எங்களைப் பார்த்துத்தான். வேறு யாரைப் பார்ப்பாய்? மூன்றாவது மாடியில் ரயில்பெட்டி மாதிரி நீளமான வீடு. முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒரு ஜன்னல், நடுவில் நாங்கள். அம்மா தலையை விரித்துப்போட்டுக் காயவைத்தால் அது ஒரு படம். அம்மா முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கினால் அது ஒரு படம். கல் பொறுக்கும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள் என்பதை உன் படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தவன் நான். அன்று மாலை சமையலறை வாசலில் நின்று, நிஜமாகவே கடிக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். "என்னங்க, என்ன வேணும்?" என்றாள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். உனக்கு நான் சொல்லாத நன்றிகளில் அது முதலாவது.

லான்மடாவில் பருப்புக் கடை வைத்திருக்கும் உன் சித்தப்பாவையும் நீ விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்குவானே, அதை அப்படியே வாட்டர் கலரில் தீட்டி, அவன் விழித்ததும் கையில் கொடுத்தாய். கோபித்துக்கொள்வான் என்று பயந்தேன். அவனோ அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டான். "வர்றவனெல்லாம் பதறிப்போயி, இது நீங்களாங்கறான் அண்ணே. நாந்தான், சாகல, தூங்குறேன்னு ஒவ்வொருத்தனுக்கா சொல்ல வேண்டியிருக்கு" என்று என்னிடம் பெருமையாகப் புலம்பினான்.

பிறகு நீ சனிக்கிழமைகளில் நம் முன்னறையில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தாய். நம் கட்டடத்துப் பிள்ளைகளும் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் செருப்பை மாடிப்படியில் கழற்றிப்போட்டுவிட்டு, சயாமா, சயாமா என்று வந்து உட்காருவார்கள். டீச்சர் என்று பர்மியில் கூப்பிடுகிற அந்தச் சொல்லை என் மகளைப் பார்த்து யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஒரு நாள் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, எல்லாரும் அவளை வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் குழந்தை, "இந்த அம்மா தோலுக்கு எந்த டியூப் சயாமா?" என்று கேட்டது. "அதுக்குன்னு டியூப் கிடையாது. அம்மாவ நல்லா பாரு. என்னென்ன நிறம் தெரியுதோ அத்தனையும் கல" என்றாய். இந்த ஊரில் நம் நிறத்தை வைத்து நம்மைக் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறது. படகுத்துறையில் அதை எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டு பேசாமல் போயிருக்கிறேன். உன் வகுப்பிலோ பிள்ளைகள் பழுப்பில் கொஞ்சம் சிவப்பும் ஒரு சொட்டு நீலமும் சேர்த்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அந்த நிறத்தைப் பிடிக்கத் தலைகீழாக நின்றார்கள். நான் உள்ளறையில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். படிக்கவில்லை.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகச் சட்டையில் ஒழுகியது. அம்மாவைக் கூப்பிட்டேன். நான் கோமாளித்தனம் பண்ணுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நீதான் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். பக்கவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலானவர்களில் நான் சேரவில்லை. மாத்திரை முடிந்தது, முகப் பயிற்சி முடிந்தது, மழைக்காலம் போய்க் குளிர்காலமும் போனது. வாய் ஒரு பக்கம் இழுத்தபடியே நின்றுவிட்டது. இடது கண் முழுசாக மூடவில்லை. எந்நேரமும் அதிலிருந்து தண்ணீர்.

ஊரே மாஸ்க் போட்டிருந்த காலம் முடிந்து எல்லாரும் கழற்றிவிட்டார்கள். நான் மட்டும் கழற்றவில்லை. அது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? கீழே தேநீர்க் கடைக்குப் போவதை நிறுத்தினேன், ஏனென்றால் மாஸ்க்கோடு தேநீர் குடிக்க முடியாது. வீட்டில் சாப்பிடும்போது பின் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். சனிக்கிழமை பிள்ளைகள் வந்தால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வருகிறவர்கள் எல்லாரும், "ஒண்ணுமே தெரியலையே, நல்லாத்தானே இருக்கீங்க" என்றார்கள். அன்பால்தான் சொன்னார்கள். ஆனால் அதைக் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் தனியாகிவிட்டது போல இருந்தது.

அப்போதுதான் உன் கல்யாணம் கூடிவந்தது. செல்வம் வீட்டார் நல்ல மனிதர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் முடிவு செய்தேன். கோயிலில் அத்தனை பேர் முன்னால், கேமராக்காரன் முன்னால், இந்த முகத்தோடு உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க நான் நிற்கப்போவதில்லை. சித்தப்பா நிற்கட்டும். அவனும், "நான் நிக்கிறேன் அண்ணே, அதுல என்ன? ஆனா பொண்ணு சரின்னு சொல்லணும்" என்றான். சொல்லிவிட்டு மறுநாளே ஒரு பட்டு வேட்டி எடுத்துவிட்டான்.

உன்னிடம் சொன்னபோது நீ அழுவாய், பிடிவாதம் பிடிப்பாய் என்று எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். நீ தூரிகையைக் கழுவிக்கொண்டே, "சரிப்பா. சித்தப்பாவே நிக்கட்டும்" என்றாய். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஆனா ஒண்ணு கேப்பேன்" என்றாய்.

"கேளு கண்ணு."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒங்கள வரையணும். காலைல வெளிச்சம் நல்லா இருக்கும்போது முன் ஜன்னல்கிட்ட உக்காருங்க. மாஸ்க் இல்லாம."

பேரம் நியாயமாகத்தான் பட்டது. பூட்டிய வீட்டுக்குள் உன் ஒருத்தி முன்னால் உட்காருவதா, கோயிலில் ஊர் முன்னால் நிற்பதா? ஒத்துக்கொண்டேன்.

முதல் படத்தை என் வலது பக்கமாக உட்கார்ந்து வரைந்தாய். நல்ல பக்கம். முடிந்ததும் பார்த்தேன், பழைய நான்! அப்படியே கிடங்கு வாசலில் நிற்கிற ஆள். சந்தோஷம் தாங்கவில்லை. "இதப் பெருசாக்கிக் கல்யாண மண்டபத்துல வெச்சுடலாம் கண்ணு" என்றேன். நீ தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நல்லாதாம்ப்பா வந்திருக்கு. ஆனா இது போன வருஷத்து அப்பா" என்று ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாய்.

அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பமானது. மழை பிடித்துக்கொண்டது. காகிதம் ஈரத்தை இழுத்துக்கொண்டு காயவே மாட்டேன் என்றது. ஒரு படத்தில் அடிநிறம் காய்வதற்குள் அவசரப்பட்டு மேல்நிறம் வைத்தாய். என் இடது கன்னம் முழுக்கக் கழுத்துக்கு இறங்கி ஓடியது. நாம் இருவரும் அதைப் பார்த்தோம். "டாக்டர் இப்படி ஆகும்னு சொல்லலையே" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். வாட்டர் கலரில் தப்பு செய்தால் அழிக்க முடியாது, வெள்ளை வேண்டும் என்றால் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும் என்றெல்லாம் அப்போதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். கரண்டு போகும், விசிறி நிற்கும், எனக்கு வேர்க்கும். திடீரென்று கீழே தெருவே "மீ லாப்யீ!" என்று கத்தும், கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம், நானும் உள்ளூர ஒரு தரம் கத்திக்கொள்வேன். நடுநடுவே நீ எழுந்து வந்து, மூடாத அந்தக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, வழிந்ததை நீ இடுப்பில் கட்டியிருந்த லொஞ்சித் துணியிலேயே துடைத்துவிட்டுத் திரும்பப் போய் உட்காருவாய்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. நீ நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து தீட்டுவதுமாக இருந்தாய். ஒரு மனுஷனின் கோணலை இவ்வளவு நேரம் ஒருத்தி பார்ப்பாளா?

"கண்ணு, நானே கண்ணாடில பாக்காத மூஞ்சி இது. இத எதுக்கு இப்படி உத்து உத்துப் பாக்குற? எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பண்ணுறியா? அப்படின்னா வேணாம், விட்டுரு."

தூரிகையைக் குவளையில் போட்டு வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தாய்.

"ஒங்களுக்காக இல்லப்பா" என்றாய் கடைசியில். "எனக்காகத்தான். மொதல்ல கொஞ்ச நாள் ஒங்க மூஞ்சிய என்னால பாக்க முடியல. சோறு போடுறப்ப தட்டத்தான் பாப்பேன். அந்தக் கண்ணு தூங்குறப்பவும் மூடாம, என்னையே பாக்குறாப்ல இருக்கும். பயமா இருந்துச்சுப்பா. எங்கப்பாவப் பாத்து எனக்கே பயமான்னு குளியலறைக்குள்ள போய் அழுவேன். எனக்கு எதையாச்சும் பாக்கப் பழகணும்னா வரஞ்சுதான் பழக்கம். அதுக்குத்தான் உக்காரச் சொன்னேன். நீங்கதான் எனக்கு ஒதவி பண்ணிக்கிட்டிருக்கீங்க."

அதைக் கேட்டு எனக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டது போல இருந்தது. எத்தனையோ பேர் என்னிடம் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னார்கள். தெரிகிறது, பயமாக இருந்தது என்று நீ ஒருத்திதான் சொன்னாய். நான் ஏதோ நோயாளி, மற்றவர்கள் எல்லாரும் எனக்குச் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயோ எனக்கு ஒரு வேலை கொடுத்தாய். பயந்த பிள்ளைக்கு அப்பன் என்ன செய்வான்? பக்கத்தில் உட்காருவான். நான் முதுகை நிமிர்த்தி, முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நன்றாகத் திருப்பி உட்கார்ந்தேன்.

"இப்ப பாக்குறியா? இன்னும் பயமா இருக்கா?" என்றேன்.

"இப்ப இல்ல" என்றாய். "கொஞ்ச நாளாவே இல்ல. ஆனா இன்னும் சரியா வரல, அசையாதீங்க."

படம் முடிந்த அன்று முதலில் பார்த்தவள் அம்மா. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். இழுத்த வாய், சரிந்த புருவம், கண்ணோரம் காகிதத்தை வெள்ளையாகவே விட்டு நீ நிறுத்தியிருந்த அந்தத் தண்ணீர், எல்லாம் அதில் இருந்தது. எதையும் நீ மறைக்கவில்லை, எதையும் கூட்டவும் இல்லை. அம்மா படத்துக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இது இன்னொரு கரண்டி சோறு கேக்கப்போற மூஞ்சி" என்றாள். "கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, நானாப் போடுவேனான்னு பாப்பாரே, அது."

நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கோணலுக்குள்ளே நான் இருந்தேன். அன்று மத்தியானம் பின் ஜன்னலைப் பார்க்காமல் உங்கள் இருவரையும் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னொரு கரண்டி சோறும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் செய்து, "தம்பி, தாரை நானே வாத்துக் குடுக்குறேன்டா" என்றேன். "ரொம்ப சந்தோஷம் அண்ணே" என்றான். பிறகு, "அந்தப் பட்டு வேட்டிய நான் என்ன பண்றது?" என்றான். "கட்டிக்கிட்டு என் பக்கத்துல வந்து நில்லு" என்றேன். நின்றான். மாப்பிள்ளையைவிட அவன்தான் அன்று பளபளப்பு.

கோயிலில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் உன் படத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். உன் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தேன், அம்மா செம்பைச் சாய்த்தாள். குருக்கள் என் பெயரைச் சொல்லச் சொன்னார், தாத்தா பெயரைச் சொல்லச் சொன்னார், பிறகு, "பெண் பேர் சொல்லுங்கோ, உரக்க" என்றார். உதடு சரியாகக் கூடினால்தானே ப வரும்? நோய் வந்த பிறகு உன் பெயரை வாயில் எடுப்பதையே விட்டுவிட்டு, கண்ணு, கண்ணு என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். அன்று தப்பிக்க வழியில்லை. மூச்சை இழுத்துச் சொன்னேன். பாதி காற்றும் பாதி எச்சிலுமாக, பவானி என்று யாருக்கும் புரியாத ஒரு சத்தம் வந்தது. யாரோ ஒரு குழந்தை சிரித்தது எனக்குக் கேட்டது, அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

நீ தலை நிமிர்ந்து, அடுக்களையிலிருந்து பதில் சொல்வது போல, "என்னப்பா?" என்றாய்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தார், குருக்கள் சிரித்தார், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கோணலாகத்தான், வாய் நிறைய. கேமராக்காரன் அந்த நிமிஷத்தைத்தான் பிடித்திருக்கிறான். நீ வேண்டுமென்றே சொன்னாயா, பழக்கத்தில் வந்துவிட்டதா என்று இதுவரை நான் கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை. இரண்டில் எதுவானாலும் எனக்குப் போதும்.

பெற்றவன் பிள்ளைக்கு எழுதினால் புத்தி சொல்லாமல் முடிக்க முடியாது, பொறுத்துக்கொள். அங்கே சியாங் மாயில், புதுப் பள்ளியில், புது மொழிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய். யாராவது தன் முகத்தைக் காட்ட மாட்டேன் என்று ஒதுங்கினால், நீ அழகாகத்தான் இருக்கிறாய் என்று மட்டும் சொல்லாதே. எனக்குச் சொன்ன மாதிரி உள்ளதைச் சொல்லு, உதவி கேளு. கேட்காமல் யாரையும் வரையாதே; வரைந்ததை முதலில் அவர்களுக்கே காட்டு, சித்தப்பாவுக்குக் காட்டியது போல. மாப்பிள்ளையோடு மனஸ்தாபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு அவரை உட்காரவைத்து வரைந்துவிடு. அவர் முகத்தில் நீ இன்னும் பார்க்காதது நிறைய இருக்கும். அவரும் உன்னை அப்படிப் பார்க்கப் பழகட்டும். வரையத் தெரியாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. உனக்கு நாங்கள் பெரிதாக எதுவும் சேர்த்து வைக்கவில்லை. நல்ல காகிதம் கேட்ட போதெல்லாம் வாங்கிக் கொடுக்கக்கூட முடிந்ததில்லை, ஒரு தாளை நாலாக வெட்டித்தான் நீ வளர்ந்தாய். கொடுத்ததெல்லாம் எங்கள் முகங்களைத்தான். அதை வைத்துக்கொண்டு நீ எங்களுக்கு இவ்வளவு திருப்பிக் கொடுத்திருக்கிறாய்.

இன்னொரு சேதி. கண்காட்சிக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். சும்மா சொல்லவில்லை, நேற்று பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனோம். கடைக்காரப் பையன் என்னை உட்காரவைத்து எடுத்தான். பிறகு கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, மாமா முறை வைத்து, "ஊலே, வாய கொஞ்சம் நேராக்கிடட்டா? ஒரு நிமிஷ வேலைதான், காசு வேணாம்" என்று பர்மியில் கேட்டான்.

"வேணாம் தம்பி, இருக்குறபடியே குடு" என்றேன். "நீ நேராக்கிட்டா விமான நிலையத்துல வேற ஆளுன்னு நிறுத்திருவாங்க."

அவன் சிரித்துவிட்டுத் தலையாட்டினான். உன் அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டி, "எனக்கு மட்டும் அந்தக் கன்னத்துச் சுருக்கத்தக் கொஞ்சம் எடுத்துரச் சொல்லுங்க" என்றாள். பையன் சும்மா இருப்பானா? சுருக்கத்தை எடுத்தான், நரையைக் கறுப்பாக்கினான், கண்ணுக்குக் கீழே இருந்த நிழலையும் துடைத்துவிட்டான். படத்தில் இருப்பது அவள் தங்கையா, நீயா என்றே தெரியவில்லை. பையைத் திறந்து திறந்து அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். நிறுத்தினால் அவளைத்தான் நிறுத்தப்போகிறார்கள். என்னைப் பார்த்ததும் நான்தான் என்று தெரிந்துவிடும்.

நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ்க.

உன் அப்பா